சென்னையில் திருமண ஓலை வாசிக்க வைப்பது எப்படி: தாள்கள், நாட்கள், செலவுகள்

கிறிஸ்தவக் கோயிலில் திருமணத்துக்கு நாள் கேட்டுப் பங்கு (ஒரு கோயிலின் பொறுப்பில் உள்ள பகுதி) அலுவலகத்துக்குச் செல்லும் எவரிடமும் முதலில் கேட்கப்படுவது, “பேன்ஸ் போடத் தாள்கள் எல்லாம் தயாரா?” என்பதுதான். புதிதாகச் செல்பவர்களுக்கு, குறிப்பாகத் தென்மாவட்டங்களிலிருந்து வேலைக்காகச் சென்னைக்கு வந்து தனியாகத் தங்கியிருப்பவர்களுக்கு, அந்தக் கேள்வியின் பின்னால் எத்தனை கடிதங்களும் எத்தனை வாரங்களும் இருக்கின்றன என்பது தெரிவதில்லை. என் தம்பியின் திருமணத்துக்காக இந்த வேலை முழுவதையும் பார்த்தவள் என்ற முறையில், வரிசை மாறாமல் செய்ய வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

ஊரில் நாம் “ஓலை வாசிப்பது” என்று சொல்வதைத்தான் சென்னையின் பங்கு அலுவலகங்கள் “பேன்ஸ்” என்கின்றன. இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நிச்சயிக்கப்பட்டுள்ளது, இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பலியிலோ ஆராதனையிலோ அறிவிப்பதே அது. தடை செய்வதைக் குறிக்கும் ‘பேன்’ வேறு, இது வேறு. ஆகவே “உங்களுக்கு பேன்ஸ் போட்டாயிற்று” என்று அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தால் பதற வேண்டாம், நல்ல செய்திதான். ஆங்கிலப் படிவத்தில் ‘பேன்ஸ் பப்ளிஷ்டு ஆன்’ என்று இருக்கும் இடத்தில் ஓலை வாசித்த மூன்று தேதிகளும் வர வேண்டும். ‘டிஸ்பென்ஸ்டு’ என்று எழுதியிருந்தால், அந்த ஓலைக்கு விலக்கு அளிக்கப்பட்டது என்று பொருள். ஆங்கில ஆராதனையில் ‘தேர்ட் டைம் ஆஃப் ஆஸ்கிங்’ என்று கேட்டால் அது மூன்றாம் ஓலை.

1. உங்கள் பங்கு எது என்பதை உறுதி செய்யுங்கள்

ஞாயிறுதோறும் நீங்கள் எந்தக் கோயிலில் பூசை காண்கிறீர்களோ அதுதான் உங்கள் பங்கு என்று எண்ண வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபையில் வீடு இருக்கும் இடத்தைக் கொண்டே பங்கு தீர்மானிக்கப்படுகிறது. வேளச்சேரியில் வாடகைக்குக் குடியிருந்துகொண்டு வாரந்தோறும் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குச் செல்பவருக்கு அந்தக் கோயில் ஓலை வாசிக்க வேண்டிய இடமாக ஆகிவிடாது. அவர் குடியிருக்கும் தெரு எந்தப் பங்கின் எல்லைக்குள் வருகிறதோ, அந்தப் பங்குத்தந்தையைத்தான் பார்க்க வேண்டும். மணமக்களில் ஒருவர் ஒரு மாதமாவது குடியிருந்த பங்கில் திருமணம் நடத்தலாம் என்று திருச்சபைச் சட்டம் அனுமதிக்கிறது. சாந்தோம், லஸ் போன்ற கோயில்களில் திருமணம் வைக்க விரும்பினால், சொந்தப் பங்குத்தந்தையின் அனுமதிக் கடிதம் இல்லாமல் அங்கே நாள் தரமாட்டார்கள்.

மறைமாவட்ட (பல பங்குகள் சேர்ந்து ஒரு பிஷப்பின் கீழ் இருக்கும் பகுதி) எல்லையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சென்னைதானே என்று எல்லோரும் சாந்தோமில் உள்ள சென்னை மயிலை உயர்மறைமாவட்ட அலுவலகத்துக்குச் செல்ல முடியாது. 2002-இல் செங்கல்பட்டு மறைமாவட்டம் தனியாகப் பிரிந்தது. மாநகரின் தெற்குப் பகுதியில் இருப்பவர்களில் பலர் அதற்குள் வருகிறார்கள். விலக்கு அனுமதி எதுவும் தேவைப்பட்டால், தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு அங்கேயே கிடக்கும்.

சொல் ஒன்று இங்கே பலரைக் குழப்புகிறது. “ஆயரிடம் கடிதம் வாங்கி வாருங்கள்” என்று சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் சொன்னால், அந்தச் சபையின் குருவானவரைக் குறிக்கும். அதையே கத்தோலிக்கப் பங்கில் சொன்னால் மறைமாவட்டத் தலைவரைக் குறிக்கும். பேராயர் என்பதும் அப்படியே: சி.எஸ்.ஐ.-யில் பிஷப், கத்தோலிக்கத்தில் ஆர்ச்பிஷப். மணமகன் வீடு ஒரு சபை, மணமகள் வீடு வேறு சபை என்றால், யாரிடமிருந்து கடிதம் என்பதை ஊர்ப் பெயரோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டிலும் சேராத தனிச் சபைகளைச் சேர்ந்தவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி திருமணம் நடத்தி வைக்க எல்லாப் போதகர்களுக்கும் அதிகாரம் கிடையாது. பிஷப்பால் குருப்பட்டம் பெற்றவர்கள் தவிர்த்த பெரும்பாலான சபைப் போதகர்களுக்கு அரசு வழங்கும் உரிமம் வேண்டும். உங்கள் போதகரிடம் உரிமத்தின் நகலைக் கேட்பது அவமரியாதை ஆகாது. கேட்கத் தயங்கினால், பிற்பாடு சான்றிதழை ஏற்க மறுக்கும் அதிகாரியிடம் நீங்கள்தான் நிற்க வேண்டியிருக்கும்.

2. நாள்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய பிறகு கோயிலுக்குச் செல்வதுதான் நம் வழக்கம். அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் பெரும்பாலான பங்குகளில் திருமணம் வைப்பதில்லை, சி.எஸ்.ஐ. சபைகளிலும் லெந்து என்னும் தவக்கால நாட்களில் திருமணம் கிடையாது. எனவே கிறிஸ்துமஸுக்கும் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கும் இடையிலும், ஈஸ்டர் முடிந்த மே மாதத்திலும் நெருக்கடி மிகுதியாக இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2027 ஜனவரி 25, திங்கட்கிழமை திருமணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓலை வாசிக்க வேண்டிய ஞாயிறுகள் ஜனவரி 3, 10, 17. மணமகனின் பங்கு தூத்துக்குடியில் இருந்தால் அங்கேயும் இதே நாட்களில் வாசித்து, தடை எதுவும் வரவில்லை என்று அந்தப் பங்குத்தந்தை எழுதும் கடிதம் 18-ஆம் தேதிக்கும் 23-ஆம் தேதிக்கும் இடையில் சென்னைக்கு வந்து சேர வேண்டும். பொங்கல் முடிந்து கூரியர் வண்டிகள் நிரம்பி வழியும் வாரம் அது. முதல் ஓலை 3-ஆம் தேதி என்றால் தாள்கள் டிசம்பர் இறுதிக்குள் பங்குத்தந்தையின் கையில் இருக்க வேண்டும். ஆனால் கிறிஸ்துமஸ் வாரத்தில் எந்தப் பங்குத்தந்தையும் உட்கார்ந்து கோப்பு பார்க்க மாட்டார். ஆகவே, திருவருகைக் காலம் தொடங்கும் நவம்பர் 29-க்கு முன்பே எல்லாவற்றையும் ஒப்படைப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். அந்த ஆண்டு சாம்பல் புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28. ஜனவரி 25-ஐத் தவறவிட்டால் பிப்ரவரி முதல் வாரம் மட்டுமே மிஞ்சும். அதையும் விட்டால் ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டும்.

பொதுவாகச் சொன்னால், திருமண நாளுக்கு மூன்று மாதங்களுக்கு முன்பு பங்கு அலுவலகப் படியேறுங்கள். மணமக்களில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் ஆறு மாதம். பல பங்கு அலுவலகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதால், அன்று அலுவலகத்தில் விடுப்பு எடுத்துச் சென்று பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்.

மாலைத் திருமணம் வைப்பவர்கள் நேரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மேற்சொன்ன 1872-ஆம் ஆண்டுச் சட்டம் காலை 6 மணி முதல் மாலை 7 மணிக்குள் திருமணம் நடக்க வேண்டும் என்கிறது. அதற்கு அப்பால் நடத்தத் தனி அனுமதி வேண்டும். ஒப்பனை நிலையத்திலிருந்து மணமகள் வரத் தாமதமாகி ஆறரைக்குத் தொடங்கும் திருப்பலிகளை நினைவில் வைத்து, நாலரை அல்லது ஐந்து மணிக்கே நேரம் வாங்குங்கள்.

3. தாள்களைத் திரட்டுங்கள்

திருமுழுக்குச் (ஞானஸ்நானச்) சான்றிதழ்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. பள்ளியில் சேர்க்கும்போது வாங்கிய பழைய சான்றிதழ் பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், அது செல்லாது. ஒருவர் திருமணம் செய்துகொண்டால், அந்த விவரத்தை அவர் திருமுழுக்குப் பெற்ற பங்கின் பதிவேட்டில் அவருடைய பெயருக்கு எதிரே குறிப்பார்கள். அந்தப் பதிவேட்டைப் பார்த்து இப்போது எழுதித் தரும் சான்றிதழில் திருமணக் குறிப்பு எதுவும் இல்லை என்பதே நீங்கள் மணமாகாதவர் என்பதற்குத் திருச்சபை கேட்கும் சான்று. அதனால்தான் ஆறு மாதத்துக்குள் எடுத்த சான்றிதழ் கேட்கிறார்கள். பிறந்த பங்கு நாகர்கோவில் பக்கம் என்றால், உறவினர் ஒருவரை நேரில் அனுப்பி வாங்குவதே விரைவான வழி. திருமுழுக்குப் பெற்ற ஆண்டு, பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். இல்லாவிட்டால் கோயில் வேலைகளைக் கவனிக்கும் உபதேசியார் பத்துப் பதிவேடுகளைப் புரட்டிவிட்டு “பேரே இல்லையே” என்று சொல்லிவிடக்கூடும். அருள்தந்தையர் மாற்றலாகும் கோடை மாதங்களில் இது இன்னும் தாமதமாகும்.

அடுத்ததாக, உறுதிப்பூசுதல் சான்றிதழ் (சி.எஸ்.ஐ.-யில் திடப்படுத்தல் சான்று). அதன் பிறகு, மணமக்களில் எவருடைய பங்கில் திருமணம் நடக்கவில்லையோ அவருடைய பங்குத்தந்தை தரும் கடிதம். சில இடங்களில் இதை ‘என்.ஓ.சி.’ என்பார்கள், சில இடங்களில் ஓலைக் கடிதம் என்பார்கள். இந்தக் கடிதத்தில் ஓலை வாசித்த மூன்று தேதிகளும், தடை ஏதும் வரவில்லை என்ற வரியும், கையொப்பமும், பங்கின் முத்திரையும் இருக்க வேண்டும். தேதி இல்லாத கடிதத்தைத் திருப்பி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆதார் நகல், வயதுச் சான்று (மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 நிறைந்திருக்க வேண்டும்), இருப்பிடச் சான்று, கடவுச்சீட்டு அளவு நிழற்படங்கள், பங்கின் குடும்ப அட்டை, இரு சாட்சிகளின் பெயரும் முகவரியும் ஆகியவை எல்லா இடத்திலும் கேட்கப்படுபவை. இவை எல்லாவற்றிலும் இரண்டு படி எடுத்து வையுங்கள். முன்பே மணமாகித் துணையை இழந்தவர் என்றால், முதல் துணையின் இறப்புச் சான்றிதழும் வேண்டும். விவாகரத்துப் பெற்ற கத்தோலிக்கர் என்றால் நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் போதாது. முதல் திருமணம் செல்லாது என்று திருச்சபை நீதிமன்றம் அளித்த தீர்ப்பு வேண்டும். இதற்கு நீண்ட காலம் பிடிக்கும் என்பதால், மறுமணத்துக்கு நாள் குறிக்கும் முன்பே பங்குத்தந்தையைச் சந்தியுங்கள்.

4. பெயர்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்

தாள்கள் எல்லாம் வந்தவுடன் அவற்றை மேசையில் வரிசையாகப் பரப்பி, பெயரை மட்டும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். திருமுழுக்குப் பதிவேட்டில் ‘சூசை அந்தோணி’, பள்ளிச் சான்றிதழில் ‘எஸ். ஆண்டனி ஜோசப்’, ஆதாரில் ‘ஆண்டனி’ என்று ஒரே மனிதர் மூன்று பெயரில் இருப்பது நம் குடும்பங்களில் மிகச் சாதாரணம். அலுவலகத்தில் திருமுழுக்குப் பெயரை வைத்துத் திருமணச் சான்றிதழ் எழுதிவிட்டால், பின்னர் கடவுச்சீட்டில் துணைவர் பெயரைச் சேர்க்கும்போதோ, விசா கேட்கும்போதோ அது சிக்கலாகும். திருமுழுக்குப் பெயரும் ஆதார் பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று பங்குத்தந்தையிடம் கடிதம் வாங்குங்கள். வேறுபாடு பெரிதாக இருந்தால் நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரமும் எடுத்து வைத்து, திருமணப் பதிவேட்டில் ஆதாரில் உள்ளபடி பெயர் வர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். தலைப்பெழுத்தின் விரிவும் இதில் அடங்கும்.

5. தனி அனுமதி தேவைப்படும் திருமணங்கள்

மாமன் மகள், அத்தை மகன் என்று முறைப்பெண், முறை மாப்பிள்ளையைக் கட்டுபவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்ல வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் பக்கவழி உறவு நான்காம் படி வரை திருமணத் தடை உண்டு. இரு வீட்டுக்கும் பொதுவான தாத்தா பாட்டியை விட்டுவிட்டு, அவர்களிலிருந்து இரு பக்கமும் இறங்கி வரும் ஆட்களை எண்ணினால் மாமன் மகளும் அத்தை மகனும் சரியாக நான்காம் படியில் வருவார்கள். ஊரே ஏற்றுக்கொண்ட உறவுதானே என்று சொல்லாமல் விட்டால், ஓலை வாசிக்கும்போது பெற்றோர் பெயரைக் கேட்டே யாராவது சொல்லிவிடுவார்கள். மறைமாவட்ட ஆயரிடம் விலக்குக் கேட்கலாம். குடும்ப வரைபடம் ஒன்றை வரைந்து, காரணத்தையும் எழுதிப் பங்குத்தந்தை வழியாக அனுப்ப வேண்டும். தாய்மாமனுக்கே பெண் கொடுப்பது மூன்றாம் படி. அதற்கு விலக்கு எளிதில் கிடைக்காது என்பதை மனத்தில் கொண்டு முதலிலேயே கேளுங்கள்.

கத்தோலிக்கர் சி.எஸ்.ஐ. அல்லது பிற சபையில் திருமுழுக்குப் பெற்றவரை மணந்தால் அனுமதி வேண்டும். திருமுழுக்குப் பெறாதவரை மணந்தால் விலக்கு வேண்டும். இரண்டிலும், தம் விசுவாசத்தைக் காத்துக்கொள்வதாகவும் பிள்ளைகளைக் கத்தோலிக்கத்தில் வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்வதாகவும் கத்தோலிக்கத் தரப்பு உறுதியளிக்க வேண்டும். மற்றவர் அதை அறிந்திருந்தால் போதும், அவர் கையில் வாக்குறுதி வாங்குவது சட்டம் அல்ல. இந்து மணமகன் மதம் மாறினால்தான் கோயிலில் திருமணம் என்று உறவினர்கள் சொல்வதை நம்பி இரு வீட்டிலும் சண்டையை வளர்க்காதீர்கள். இந்த மனுக்களுக்குக் கூடுதலாக ஒரு மாதம் ஒதுக்குங்கள். பதிவாளர் அலுவலகத்தில் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிந்துகொள்வது தனி வழி. அதற்கு 30 நாள் அறிவிப்பு உண்டு. ஆனால் கத்தோலிக்கருக்கு அதை மட்டும் வைத்துத் திருச்சபை திருமணமாக ஏற்பதில்லை.

6. திருமணத் தயாரிப்பு வகுப்பு

மணமக்கள் இருவரும் கலந்துகொண்டு சான்றிதழ் வாங்க வேண்டும். பெரும்பாலும் வார இறுதியில் நடக்கும். இடம் விரைவில் நிரம்பிவிடும். இருவரும் வெவ்வேறு ஊரில் இருந்தால் தனித்தனியாகச் செல்ல முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

7. ஓலை வாசிக்கும் வாரங்கள்

முதல் ஓலைக்கு முந்தின வாரமே, வாசிக்கப்போகும் தாளை ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். அப்பா பெயர், ஊர்ப் பெயர், பங்கின் பெயர் ஆகியவற்றைப் படித்துச் சரிபாருங்கள். ஓலையில் பெயர் மாறிவிட்டால் அந்த வாரம் கணக்கில் சேராது. குடும்பத்தில் ஒருவராவது மூன்று ஞாயிறும் அந்தக் குறிப்பிட்ட பூசைக்குச் சென்று காதால் கேளுங்கள்; அறிவிப்புகள் நீளும் ஞாயிறுகளில், அசன விருந்து பற்றிய அறிவிப்புக்கும் அன்பியக் (பங்கின் தெருவாரிக் குடும்பக் குழு) கூட்ட அறிவிப்புக்கும் நடுவே ஓலை விடுபட்டுப்போவது உண்டு.

யாராவது எழுந்து நின்று தடுத்துவிடுவார்களோ என்ற அச்சம் திரைப்படங்கள் தந்தது. தடை தெரிந்தவர் பங்குத்தந்தையைத் தனியே சந்தித்துச் சொல்வதே முறை. அவர் விசாரித்து முடிவெடுப்பார். முந்தைய திருமணம், நெருங்கிய இரத்த உறவு, வயதுக் குறைவு, கட்டாயப்படுத்தல் ஆகியவை தடைகள். சாதி, சீர்வரிசைத் தகராறு, பழைய கடன் ஆகியவை தடைகள் ஆகா; யாராவது அவற்றைச் சொல்லி மிரட்டினால் நீங்களே முந்திக்கொண்டு பங்குத்தந்தையிடம் சொல்லிவிடுங்கள்.

உண்மையான அவசரம் இருந்தால் ஓர் ஓலைக்கோ இரண்டுக்கோ விலக்குக் கேட்கலாம். பணியிட உத்தரவு, விமானச் சீட்டு, மருத்துவச் சான்று எதுவாயினும் மனுவோடு இணையுங்கள். ஓலை முடிந்தபின் திருமணம் பல மாதங்கள் தள்ளிப்போனால் திரும்ப வாசிக்கச் சொல்வார்கள்.

8. செலவு

ஓலைக்கென்று தனியாகப் பெரிய தொகை எதுவும் இல்லை. செலவு வேறு தலைப்புகளில் வரும். முதலாவது, பங்குச் சந்தா பாக்கி. சென்னைக்கு வந்து பல ஆண்டுகள் பதிவு செய்யாமலே இருந்துவிட்டு இப்போது செல்பவர்களிடம் பழைய பாக்கியைச் சேர்த்துக் கேட்பது வழக்கம்; சி.எஸ்.ஐ. சபைகளில் இது இன்னும் கண்டிப்பு. இரண்டாவது, கோயில் கட்டணம்: குளிர்சாதனம், ஒலிபெருக்கி, மின்சாரம், துப்புரவு இவற்றை உள்ளடக்கியதா என்று கேளுங்கள். மூன்றாவது, பாடகர் குழுவும் பீட அலங்காரமும். வெளியிலிருந்து பூ அலங்காரக்காரரை அழைத்து வரலாமா, ஒளிப்படக்காரர் பீடத்தருகே எதுவரை வரலாம் என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். ஓர் இடத்தில் இந்த விதியைத் திருமணத்துக்கு முதல் நாள் மாலை எங்களிடம் சொன்னார்கள். அலங்காரத்துக்குக் கொடுத்த முன்பணம் போனது போனதுதான். எந்தத் தொகைக்கும் இரசீது வாங்குங்கள். அருள்தந்தைக்கும் உபதேசியாருக்கும் தரும் காணிக்கை உங்கள் விருப்பம், அதை யாரும் விலை சொல்லிக் கேட்கக் கூடாது.

9. திருமணம் முடிந்தபின்

பதிவேட்டில் கையெழுத்திடும் அந்த நேரத்தில் ஒளிப்படக்காரர் அவசரப்படுத்துவார். அவரை நிற்க வைத்துவிட்டு, பெயர், பிறந்த தேதி, திருமணத் தேதி ஆகியவற்றைப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். பதிவேட்டில் விழுந்த பிழையைத் திருத்துவது மிகுந்த அலைச்சல்.

கோயிலில் தரும் சான்றிதழோடு நின்றுவிடாமல், 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் 90 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். அதைத் தாண்டினால், தாமதக் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் அவகாசம் உண்டு. பதிவுத்துறை இணையதளத்தில் விண்ணப்பித்து நேரம் வாங்கிக்கொண்டு, கோயில் சான்றிதழ், அழைப்பிதழ், ஆதார், வயதுச் சான்று, நிழற்படங்கள், சாட்சிகள் ஆகியோருடன் செல்ல வேண்டும். இருவரில் ஒருவர் வெளிநாடு செல்வதாக இருந்தால் பயணத்துக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

இறுதியாக, திருமணம் நடந்த செய்தியைத் திருமுழுக்குப் பெற்ற பங்குகளுக்குத் தெரிவிக்கும் கடிதம் அனுப்பப்பட்டதா என்று ஒரு மாதம் கழித்துப் பங்கு அலுவலகத்தில் கேளுங்கள். அனுப்பவில்லை என்றால் கடிதத்தைக் கையில் வாங்கி, அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது நீங்களே கொடுத்து, பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே குறிப்பு எழுதியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.